கடனட்டைப் புள்ளிகள்: கொடுப்பவர் யார்?

பொருள் தேடுதல் இழிவான செயலன்று. இல்வாழ்வான் தன் குடும்பத்தைப் பேணவும், சுற்றத்தாரைத் தாங்கவும், கோயிலுக்கும் கல்விக்கும் கொடுக்கவும் பொருள் வேண்டியவனே. ஆயின், பொருள் வந்தது என்று மகிழ்வதோடு நில்லாது, அஃது எவ்வழியால் வந்தது, எவர் கையிலிருந்து வந்தது என்று வினாவத் தெரிந்திருப்பதும் கற்றவர்க்குரிய இலக்கணங்களுள் ஒன்றாகும். எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று வாழும் நாடுகளிலே பெருவழக்காகிவிட்ட ஒரு பழக்கத்தைப்பற்றி அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். விழாமலரில் வாழ்த்துரைகளுக்கிடையே இப்படியொரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். விழாக் காலத்திலேதான் குடும்பத்தார் எல்லோரும் ஓரிடத்திற் கூடுகின்றனர். கூடியவிடத்திற் பேசவேண்டியதைப் பேசுதல் தகும் என்று துணிந்தே எழுதுகின்றேன்.

அமெரிக்காவில் வங்கிகள் தம் கடனட்டைகளுக்கு ஆள் சேர்க்கும்பொருட்டு, புதிதாக அட்டை பெறுவோருக்கு வரவேற்புப் புள்ளிகள் வழங்குகின்றன. அட்டை கிடைத்த நாள்முதல் மூன்று மாதத்துக்குள் இத்தனை டொலர் செலவு செய்தால் இத்தனை ஆயிரம் புள்ளிகள் என்பது நிபந்தனை. அப்புள்ளிகளை விமானச் சீட்டாகவோ, விடுதி அறையாகவோ, காசாகவோ மாற்றிக்கொள்ளலாம். புள்ளிகள் கணக்கில் விழுந்ததும் அவ்வட்டையை மறந்து, அடுத்த வங்கியின் அட்டைக்கு விண்ணப்பிப்பதும், ஆண்டுக் கட்டணம் வருமுன் பழையதை மூடிவிடுவதும், கணவனும் மனைவியும் மாறிமாறி விண்ணப்பிப்பதும் அங்கே பலருக்கு ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டன. அங்கு வாழும் என் பழைய மாணவர் சிலர் எழுதும் கடிதங்களில் முன்பு பிள்ளைகளின் படிப்பும் பனிக்காலமும் இடம்பெற்றன. இப்போது இப்புள்ளிகளும் இடம்பெறுகின்றன. இலவசமாகவே யாழ்ப்பாணம் வந்து போகின்றோம் என்று அவர்கள் எழுதும்போது, அந்த 'இலவசம்' என்னும் சொல்லிலேயே என் ஐயம் தொடங்குகின்றது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. தானமாகக் கொடுத்தது என்றால் அது சரியே. வியாபாரத்துக்காகக் கொடுத்த மாடாயின் பல்லையும் பார்க்கவேண்டும், கொம்பையும் பார்க்கவேண்டும், அது யாருடைய பட்டியிலிருந்து அவிழ்க்கப்பட்டது என்பதையும் விசாரிக்கவேண்டும். ஆதலின் முதலில் இவ்வட்டையின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

1950ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது. அதை ஏற்ற உணவுச்சாலைகள் தாம் பெற்ற பணத்தில் நூற்றுக்கு 7 வீதத்தை அட்டைக் கழகத்துக்கு விட்டுக்கொடுத்தன. உண்டவன் கையெழுத்திட்டுச் செல்ல, விற்றவன் தரகு கொடுத்தான் என்பதே இத்தொழிலின் முதல் இலக்கணம். அவ்விலக்கணம் இன்றுவரை மாறவில்லை. 1958இல் பாங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகரவாசிகள் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலே அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. கேளாதவர்க்கு அட்டை அனுப்பும் வழக்கத்தை 1970இல் அமெரிக்கச் சட்டம் தடுத்தது. கேளாமல் அனுப்ப முடியாதெனின், கேட்கும்படி செய்யவேண்டும் அன்றோ? ஆசையூட்டும் வெகுமதிகளின் காலம் அதன் பின்னர் படிப்படியாக வந்தது.

1978இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒரு வங்கி தான் அமைந்துள்ள மாநிலத்தின் வட்டி விதியையே பிற மாநிலத்து வாடிக்கையாளரிடமும் பின்பற்றலாம் என்பது அத்தீர்ப்பு. வட்டிக்கு வரம்பு வைக்காத மாநிலங்களைத் தேடி வங்கிகள் சென்றன. சிற்றி வங்கி தன் அட்டைத் தொழிலைத் தென் டக்கோட்டாவுக்கு மாற்றியது அவ்வாறே. இதனால் அட்டைக் கடனின் வட்டி பெருகியது. வட்டி பெருகியபின் வாடிக்கையாளரை விலைகொடுத்துப் பிடித்தாலும் கட்டும் என்ற நிலை உண்டாயிற்று. 1981இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் தன் பயணிகளுக்குத் தூரப்புள்ளிகள் வழங்கத் தொடங்கியது. 1987இல் சிற்றி வங்கி அதனோடு சேர்ந்து, செலவு செய்தாலே தூரப்புள்ளி கிடைக்கும் அட்டையை வெளியிட்டது. 1991இல் அமெரிக்கன் எக்ஸ்பிரசும் இவ்வழியிற் புகுந்தது.

இப்போட்டி உச்சமெய்தியதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சேஸ் வங்கி 'சபையர் றிசேர்வ்' என்னும் அட்டையை வெளியிட்டது. ஆண்டுக் கட்டணம் 450 டொலர். மூன்று மாதத்தில் 4,000 டொலர் செலவு செய்தோர்க்கு 1,00,000 புள்ளிகள். அவ்வங்கியின் வழியாகப் பயணச்சீட்டு வாங்கினால் அப்புள்ளிகள் 1,500 டொலருக்குச் சமம். விண்ணப்பங்கள் குவிந்தமையால் அட்டை செய்யும் உலோகமே போதாமற்போய், சிலருக்குத் தற்காலிகமாகப் பிளாஸ்ரிக் அட்டை அனுப்பினர். அவ்வாண்டின் இறுதிக் காலாண்டில் இவ்வட்டையால் இலாபம் 20 கோடி முதல் 30 கோடி டொலர்வரை குறையும் என்று வங்கியின் தலைவரே கூறினார். 2017 ஜனவரியில் வரவேற்புப் புள்ளிகள் பாதியாக்கப்பட்டன. ஆண்டுக் கட்டணம் 2020இல் 550 டொலராகவும், 2025இல் 795 டொலராகவும் உயர்ந்தது. முதலில் இழந்ததைப் பின்னர் எவ்வாறு தேடிக்கொள்வது என்பது வங்கிக்குத் தெரியாததன்று.

புள்ளி சேர்ப்போரும் வங்கிகளும் ஒருவரையொருவர் வெல்ல முயன்ற கதைகளும் பல. அமெரிக்க நாணயசாலை, 1 டொலர் நாணயங்களைப் புழக்கத்திற் பரப்பும்பொருட்டு, 2008முதல் அவற்றை அனுப்புசெலவின்றி வீட்டுக்கே அனுப்பியது. சிலர் கடனட்டையால் ஆயிரக்கணக்கில் நாணயம் வாங்கிப் புள்ளிகளைப் பெற்றுக்கொண்டு, வந்த பெட்டியை உடைக்காமலே வங்கிக்குக் கொண்டுசென்று வைப்பிலிட்டு, அப்பணத்தாலேயே அட்டைக் கடனைத் தீர்த்தனர். நாணயம் புழங்கவில்லை, புள்ளிகளே புழங்கின. 2011 யூலையில் கடனட்டையால் அந்நாணயம் வாங்குவதை நாணயசாலை நிறுத்தியது. பெட்டிகளைச் சுமந்து திரிந்த செலவு முழுவதும் அந்நாட்டு மக்களின் வரிப்பணம். பிற்காலத்தில் வங்கிகளும் விழித்துக்கொண்டன. ஒரே வகை அட்டைக்கு வாழ்நாளில் ஒருமுறையே வரவேற்புப் புள்ளி என்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2014 அளவில் விதித்தது. 24 மாதத்தில் ஐந்து அட்டை பெற்றவரை ஏற்காத வழக்கத்தைச் சேஸ் வங்கி அதற்கு அடுத்த ஆண்டளவிற் கைக்கொள்ளத் தொடங்கியது.

இனி, கட்டுரையின் தலைப்பிலுள்ள வினாவுக்கு வருவோம். கணக்கை எளிதாகப் பார்க்கலாம். ஒருவர் 4,000 டொலர் செலவு செய்கின்றார். கடைக்காரரிடமிருந்து நூற்றுக்கு 2 டொலர் தரகு கிடைக்கின்றது என்று கொள்வோம். அது 80 டொலர். அச்செலவுக்காக அவருக்கு 1,000 டொலர் மதிப்புள்ள புள்ளிகளை வங்கி கொடுக்குமாயின், மீதி 920 டொலர் எங்கிருந்து வருகின்றது? அவரே அவ்வட்டையைப் பல்லாண்டு வைத்திருந்து ஆண்டுக் கட்டணமும் தரகும் ஈட்டித்தரல் வேண்டும். அன்றேல் அவரோ அவரைப்போன்ற வேறொருவரோ கடன்பட்டு வட்டி கட்டல் வேண்டும். அதே 4,000 டொலரை நூற்றுக்கு 21 வீத வட்டியில் ஓராண்டு கட்டாமல் விட்டவர் 840 டொலர் வட்டி கொடுக்கின்றார். ஒருவர் பெற்ற புள்ளியும் மற்றொருவர் கொடுத்த வட்டியும் ஏறக்குறைய ஒரே அளவாயிருப்பதைக் காண்க.

அமெரிக்கரின் கடனட்டைக் கடன் 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முதன்முறையாக ஓரிலட்சம் கோடி டொலரைக் கடந்தது. அவ்வாண்டில் வட்டி சராசரி 20 வீதத்துக்கு மேலிருந்தது. இக்கடலிலிருந்தே புள்ளி என்னும் வாய்க்காலுக்கு நீர் வருகின்றது. வட்டி மட்டுமன்று. தரகை ஈடுசெய்யக் கடைக்காரர் பொருளின் விலையைச் சிறிது ஏற்றிவைக்கின்றார். அவ்விலை அட்டை நீட்டுபவருக்கும் காசு நீட்டுபவருக்கும் ஒன்றே. அட்டை நீட்டுபவருக்குப் புள்ளியாக ஒரு பகுதி திரும்புகின்றது. அட்டை பெறத் தகுதியில்லாத கூலியாளுக்கு ஒன்றும் திரும்புவதில்லை.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்க மத்திய வங்கியமைப்பைச் சேர்ந்த பொஸ்ரன் வங்கியின் ஆய்வாளர் மூவர் 2010ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிட்டனர். காசு கொடுத்து வாங்கும் குடும்பம் ஒன்று சராசரி ஆண்டுக்கு 149 டொலரை அட்டைக் குடும்பங்களுக்கு மறைமுகமாகக் கொடுக்கின்றது. அட்டை கொண்டு வாங்கும் குடும்பம் ஒன்று 1,133 டொலரைப் பெறுகின்றது என்பது அவர் முடிபு. வருமானத்தை நோக்கின், 20,000 டொலருக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பம் 21 டொலரை இழக்க, 1,50,000 டொலரும் அதற்கு மேலும் உள்ள குடும்பம் 750 டொலரைப் பெற்றது. 2023இல் அம்மத்திய வங்கியின் ஆய்வுத் தொடரில் வெளிவந்த மற்றொரு கட்டுரை, வெகுமதி அட்டைகளால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 கோடி டொலர் கைமாறுகின்றது என்றும், அது கல்வி குறைந்த பகுதிகளிலிருந்து கல்வி மிகுந்த பகுதிகளுக்கும், வறிய பகுதிகளிலிருந்து செல்வப் பகுதிகளுக்கும் செல்கின்றது என்றும் மதிப்பிட்டது.

எம் வீடுகளில் எலிப்பொறி வைப்பதை எல்லோரும் அறிவர். பொறியிலே தேங்காய்ச் சொட்டு ஒன்றைச் சுட்டுக் கொளுவி வைப்பார்கள். பத்து எலிகளுள் ஒன்று மிகச் சாமர்த்தியமுடையது. பொறி விழாமலே சொட்டை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். அதன் சாமர்த்தியத்தை நாமும் வியப்போம். ஆனால் மற்ற எலிகள் அகப்படாவிடின் பொறி வைப்பவன் தேங்காய் வாங்குவதை நிறுத்திவிடுவான். தப்பிய எலிக்குக் கிடைத்த சொட்டு அகப்பட்ட எலிகளின் விலையாகும். மாதந்தோறும் கடன் முழுவதையும் தவறாது தீர்த்து, புள்ளிகளை மட்டும் எடுத்துச் செல்லும் எம் பழைய மாணவர் அச்சாமர்த்தியசாலியின் நிலையிலேயே இருக்கின்றார். கணக்கில் அவர் வல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் வென்றது வங்கியை என்று எண்ணுவாராயின், அது கணக்கிற் பிழையாகும்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். சட்டம் தடுக்காத செயல் இது. வங்கியே விரும்பி அழைக்கின்றது. நிபந்தனையை நிறைவேற்றிப் பெறுவதில் வஞ்சமென்ன என்பர். வஞ்சம் என்று நானும் கூறவில்லை. உண்மையான வருமானத்தை எழுதி, உண்மையான செலவுக்குப் பயன்படுத்திப் புள்ளி பெற்றவரைக் குற்றவாளியாக்குதல் நியாயமன்று. அமெரிக்காவில் மருத்துவராயுள்ள மகன் அப்புள்ளிகளைக்கொண்டு சீட்டு வாங்கி, ஊரிலுள்ள முதிய தாயை ஆண்டுக்கு இருமுறை வந்து பார்ப்பானாயின், அத்தாயின் மகிழ்ச்சிக்கு நான் குறை சொல்லேன். ஆனால் சட்டம் தடுக்காதவையெல்லாம் சிறப்புடையவை ஆகிவிடா. தடுக்கப்படாதது, தக்கது, சிறந்தது என மூன்று படிகள் உண்டு. முதற்படியில் நின்றுகொண்டு மூன்றாம் படியில் நிற்பதாகப் பேசுவதையே நான் மறுக்கின்றேன்.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. நான் ஒருவன் புள்ளிகளை வேண்டாமென்று விட்டால் கடையில் விலை குறையுமா? ஏழைக்கு ஒரு சதமாவது திரும்புமா? வங்கியின் இலாபமன்றோ கூடும் என்று என் மாணவர் ஒருவர் கடிதத்திற் கேட்டிருந்தார். நன்கு கற்ற மாணவரின் வினா இது. இதற்கு விடை, குறையாது என்பதே. தனியொருவரின் துறவினால் இவ்வொழுங்கு மாறாது. மாற்றவல்லது சட்டம் ஒன்றே. ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டில், கடனட்டைக் கொடுக்கல் வாங்கலில் அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்லும் தரகை நூற்றுக்கு 0.3 வீதத்துக்கு மேற்படாது என்று வரையறுத்தது. அக்காலத்தில் ஒன்றியத்திலிருந்த பிரித்தானியாவிலும் அவ்விதி வந்தது. அவுஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003இலேயே அத்தரகைக் குறைத்தது. இந்நாடுகளிலே தரகு குறைந்ததும் வெகுமதிகளும் சுருங்கின. இதுவே, வெகுமதிக்கு மூலம் வங்கியின் பெருந்தன்மையன்று, கடைக்காரரின் தரகு என்பதற்குச் சான்று.

அப்படியாயின் தனியொருவர் செய்யவேண்டியது யாதுமில்லையா? உண்டு. பெறுகின்றவன் தான் பெறுவது யாதென்று அறிந்து பெறவேண்டும். இவ்வொழுங்கைத் திருத்தும் சட்டம் பேசப்படும்போது, என் புள்ளி போய்விடுமே என்று எதிர்நில்லாதிருக்கவேண்டும். அமெரிக்காவிலே தரகைக் குறைக்கும் முயற்சி எழும்போதெல்லாம், உங்கள் வெகுமதிகள் பறிபோகும் என்று வங்கிகள் மக்களை அச்சுறுத்துகின்றன. படித்தவர் வாயை அடைக்கும் சொட்டு இது. அங்கே வாக்குரிமை பெற்றுள்ள எம் பழைய மாணவர் அவ்வேளையில் எப்பக்கம் நிற்கின்றனர் என்பதே, அவர் புள்ளி பெற்றாரா இல்லையா என்பதிலும் முக்கியமானது.

இது பிறநாட்டார் விவகாரம் என்று இங்குள்ளோர் எண்ணவேண்டா. எம்மவர் இக்கணக்கின் இரு பக்கத்திலும் இருக்கின்றனர். ஒரே வகுப்பிற் பக்கத்துப் பக்கத்து வாங்கிலிருந்து படித்த இருவருள் ஒருவர் அமெரிக்காவிற் பொறியியலாளராகிப் புள்ளி சேர்க்கின்றார். மற்றவர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிறு பலசரக்குக் கடையொன்றை நடத்தி, அதிகாலை முதல் நள்ளிரவுவரை நின்று விற்று, ஒவ்வொரு விற்பனையிலும் தரகு கட்டுகின்றார். மெல்லிய இலாபமுள்ள பாலுக்கும் பாணுக்கும் தரகு ஒன்றே. இலாபத்தைப் பார்த்து அது குறைவதில்லை. கனடாவிலே 2022 ஒக்ரோபரில், கியூபெக் நீங்கலான மாகாணங்களில், கடனட்டைக்கு 2.4 வீதம்வரை மேலதிகமாக அறவிட வணிகருக்கு இடமளிக்கப்பட்டது. ஆனால் அயற்கடை அறவிடாதபோது தான் மட்டும் அறவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவரே என்று சிறு கடைக்காரர் அஞ்சுகின்றார். ஒருவர் புள்ளியும் மற்றவர் தரகும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதைப் பழைய மாணவர் ஒன்றுகூடலில் இருவரும் அருகருகே அமர்ந்து உண்ணும்போது எவரும் பேசுவதில்லை.

வாங்கியவனுக்கு ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தல் புதிய எண்ணமன்று. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்துத் தொழிலாளர் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை தொடங்கி, இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டனர். எம்மூர்ச் சங்கக்கடைகள் அவ்வழி வந்தவை. அங்கே திரும்பிவரும் பணம் உறுப்பினரின் சொந்த வியாபாரத்தில் விளைந்தது. ஆசிரியருக்கும் தோட்டக்காரருக்கும் வீதம் ஒன்றே. அட்டைப் புள்ளியோ வருமானம் மிகுந்தவருக்கு மிகுதியாகவும், குறைந்தவருக்குக் குறைவாகவும், இல்லாதவருக்கு இல்லாமலும் வருகின்றது. உருவத்தில் இரண்டும் ஒத்திருப்பினும் உயிரில் வேறானவை. கூட்டுறவை வளர்த்த ஊரிற் பிறந்தவர்க்கு இவ்வேற்றுமை எளிதில் விளங்கவேண்டும்.

இனி, செலவு செய்பவரின் மனத்தில் இப்பழக்கம் விளைக்கும் மாற்றத்தையும் கருதல் வேண்டும். மூன்று மாதத்தில் 4,000 டொலர் செலவழிக்கவேண்டும் என்ற நிபந்தனை, சிக்கனமுள்ள குடும்பத்தையும் செலவுக்கு வழி தேடும் குடும்பமாக்கிவிடுகின்றது. தேவை முன்னும் செலவு பின்னுமாக இருந்தது மாறி, செலவு முன்னும் தேவை பின்னுமாகின்றது. 1,000 டொலர் புள்ளிக்காக 700 டொலர் வேண்டாத பொருள் வாங்கியவர், 1,000 டொலர் ஆதாயம் என்றே எழுதுகின்றார். 300 என்று எழுதுவதில்லை. எந்த அட்டை எந்நாளில் முடிகின்றது, எதற்கு எப்போது கட்டணம் என்று குறித்துவைக்கும் கொப்பியும், அதில் மாலைதோறும் கழியும் நேரமும் கணக்கிற் சேர்வதில்லை. பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்று வருந்தும் தந்தைக்கு இதற்கு நேரம் இருப்பதை நான் கண்டிருக்கின்றேன்.

இவையெல்லாம் முதிர்ந்தவர்பற்றியவை. அவர்கள் தம் நன்மை தீமையைத் தாமே பார்த்துக்கொள்வர். என் கவலை பெரும்பாலும் இளையோரைப்பற்றியது. இக்கல்லூரியிலிருந்து உயர்கல்விக்காக அமெரிக்கா செல்லும் மாணவன் அங்கே கடன் வரலாறு ஏதுமின்றி இறங்குகின்றான். ஒரு வீட்டை வாடகைக்குப் பெறவும் அவனுக்குக் கடன் நம்பகப் புள்ளி வேண்டும். அப்புள்ளியைக் கணிக்கும் பெருவழக்கான முறையில், காலந்தவறாது கட்டியமைக்கு 35 வீதம், கடனின் அளவுக்கு 30 வீதம், கணக்கின் வயதுக்கு 15 வீதம், புதுக் கடன் விண்ணப்பங்களுக்கு 10 வீதம், கடன் வகைகளுக்கு 10 வீதம் என மதிப்பளிக்கப்படுகின்றது. ஒவ்வொரு விண்ணப்பத்தின் விசாரணையும் இரண்டாண்டு பதிவில் நிற்கும். பத்து ஆண்டு வரலாறுள்ள அண்ணன் ஓராண்டில் நான்கு அட்டை எடுத்தால் அவன் புள்ளி சிறிது அசைந்து மீளும். நேற்று வந்த தம்பி அதையே செய்தால், அடிமரம் பற்றாத கன்றைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டதுபோலாகும்.

முன்பு அமெரிக்கப் பல்கலைக்கழக வாயில்களில் மேலாடையும் உணவும் கொடுத்து மாணவரைக் கடனட்டைக்குக் கையெழுத்திடச் செய்தனர். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு பொருள்கொடுத்து மாணவரை இழுப்பதைத் தடுத்தது. 21 வயது நிரம்பாதவர் தம் சொந்த வருமானத்தைக் காட்டவோ பொறுப்பேற்பவர் ஒருவரைக் காட்டவோ வேண்டும் என்றும் விதித்தது. பிறநாட்டு அரசே அவ்வளவு எச்சரிக்கை கொண்டிருக்க, அவன் ஊரவனும் ஒரே கல்லூரியில் முன் படித்தவனுமாகிய அண்ணன் முதல் மாதத்திலேயே, இந்த அட்டைக்கு எழுது, என் பெயரைச் சொல், எனக்கும் உனக்கும் புள்ளி உண்டு என்று கூறலாமா? ஆள் சேர்த்துக் கொடுப்பவருக்கும் வங்கிகள் புள்ளி கொடுப்பதை யாவரும் அறிவர். ஊரிலுள்ள தந்தை காணியை ஈடுவைத்து அனுப்பிய பிள்ளை அவன். ஒரு மாதம் கட்டத் தவறினால், அவன் கட்டும் வட்டி யாருடைய காணியிலிருந்து வருகின்றது என்று எண்ணவேண்டும்.

ஆதலின் என் கருத்தைத் தொகுத்துக் கூறுகின்றேன். மாதந்தோறும் முழுக்கடனையும் தீர்க்கவல்லவர், தமக்கு உண்மையாகவே வேண்டிய ஓர் அட்டையை எடுத்து, அதனோடு வரும் வரவேற்புப் புள்ளியையும் பெற்றுக்கொள்வதிற் பிழையில்லை. புள்ளிக்காகவே அட்டைமேல் அட்டையாக விண்ணப்பிப்பதைத் தொழிலாக்கிக்கொள்ளுதல் கற்றவர்க்கு அழகன்று. கடன் தீர்க்கும் வல்லமை உறுதிப்படாத இளையவரை அதில் இழுத்தல் தவறு. தெரிந்தவர் சிறு கடைகளில், சிறப்பாக எம்மவர் கடைகளில், இயலும்போது காசாகவோ, தரகு குறைந்த வங்கி அட்டையாலோ கொடுத்தல் நன்று. அதனாற் போவது சில புள்ளிகளே. கடைக்காரருக்கு அது ஒருநாள் இலாபத்தின் ஒரு பங்கு.

இவ்விடத்திற் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். விழா நிதிக்கும் புலமைப்பரிசில் நிதிக்கும் வெளிநாட்டிலிருந்து கடனட்டை வழியாகப் பணம் அனுப்புவோர் உளர். அவ்வழியில் ஆயிரம் டொலர் கொடுத்தால், பெரும்பாலும் இருபது முதல் முப்பது டொலர்வரை தரகாகக் கழிந்த பின்னரே நிதிக்கு வந்து சேரும். கொடுத்தவருக்குப் புள்ளி, கழிந்தது ஏழை மாணவனின் கொப்பியும் சீருடையும். வரவேற்புப் புள்ளிக்குரிய தொகை நிரம்பவேண்டுமென்றே நன்கொடையை அட்டையிற் செலுத்துவோர்க்கு இது நினைவுக்கு வருவதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பும் வழிகளில் இக்கழிவு பெரும்பாலும் குறைவு. எத்தனை வந்தது, எத்தனை தரகாகக் கழிந்தது என்பதைச் சங்கம் தன் ஆண்டறிக்கையில் தனி வரியாகக் காட்டுமாயின், சொல்லாமலே பலர் திருந்துவர்.

இன்னொன்று. உயர்தர வகுப்பு மாணவர் பரீட்சை முடித்து வெளிநாடு செல்லுமுன், வங்கித் தொழிலிலும் கணக்கியலிலும் தேர்ந்த பழைய மாணவரைக்கொண்டு, ஆண்டுக்கு ஒருநாளேனும் கடன், வட்டி, அட்டை, நம்பகப் புள்ளி என்பவைபற்றி அவர்களுக்கு விளக்க ஒழுங்கு செய்யலாம். கூட்டு வட்டிக் கணக்கை நாம் வகுப்பிற் கற்பிக்கின்றோம். அவ்வட்டி தன்மீதே விழும்போது எப்படியிருக்கும் என்பதைக் கற்பிப்பதில்லை. புள்ளி சேர்ப்பதில் வல்ல அண்ணன்மாரே அவ்வகுப்பை நடத்தட்டும். அவர்களைவிட இதனை நன்கறிந்தவர் வேறெவருமிலர். ஆனால் எப்படிப் பெறுவது என்று சொல்லும்போதே, அதைக் கொடுப்பவர் யார் என்பதையும் சொல்லட்டும். இந்த யோசனையைச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முறைப்படி எழுதி அனுப்பவுள்ளேன். பழைய மாணவரும் இன்றைய மாணவரின் பெற்றோரும் அதற்குத் துணைநிற்குமாறு வேண்டுகின்றேன்.

கல்லூரி வாழ்க, அதன் மாணவர் எங்கிருப்பினும் நலம் பெறுக.